தொப்பி மாத்துற பெடியனும் கதிரை மாத்துற கோச்சும்

2021 டிசெம்பர் 15. ட்ராவிஸ் ஹன்ரர் என்கிற ஜோர்ஜியாப் பெடியன் ஒருவன் கமராக்களுக்கு முன்னால் இருக்கிறான். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விளையாடப் போகிறான் என்று அறிவிக்கிற நாள். அமெரிக்காவில் இதுக்கெண்டே ஒரு சடங்கு இருக்கு. மேசையில பல்கலைக்கழகங்களின்ர தொப்பிகள் வரிசையா இருக்கும். எதைத் தூக்கித் தலையில போடுறானோ அங்கதான் போறான். ஹன்ரர் ஒன்றரை வருசத்துக்கு மேலாக ஃபுளோரிடா ஸ்ரேற்றுக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். நாட்டிலேயே முதல் இரண்டு இடங்களுக்குள் மதிப்பிடப்பட்ட ஆட்டக்காரன். கடைசியில் அவன் தலையில் ஏறியது ஜாக்சன் ஸ்ரேற்றின் தொப்பி. கறுப்பின மாணவர்களுக்கென்று வரலாற்றில் உருவான பல்கலைக்கழகம் அது. அணி இரண்டாம் தட்டில் விளையாடுகிறது. அந்தத் தரத்திலுள்ள ஒருவன் அப்படி ஒரு இடத்துக்குப் போவான் என்று ஆரும் எதிர்பார்க்கேல்லை.

பிறகு விழுந்த ஏச்சைச் சொல்லி மாளாது. வாக்குத் தவறினவன். விசுவாசம் இல்லாதவன். இந்தக் காலத்துப் பிள்ளையள் இப்பிடித்தான். பதினெட்டு வயசுப் பெடியனுக்கு, அவனைவிட இரண்டு மூண்டு மடங்கு வயசு கூடின ஆம்பிளையள் ஒழுக்கம் படிப்பிச்ச ஏச்சு.

அண்டைக்குத்தான் நான் இந்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் பைத்தியத்துக்குள்ள விழுந்தது. எங்கட உதைபந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுற விளையாட்டு. நவெம்பர் மாதம் சனிக்கிழமை எங்களுக்கு இரவு பத்தரைக்கு முதல் மட்ச் தொடங்கும். விடிய விடியப் போகும். மட்சைவிட எனக்குப் பிடிபட்டது மட்சுக்கு வெளியால நடக்கிற ஆட்சேர்ப்பு. வருசா வருசம் டிசெம்பர் கிட்ட வந்தால் அதே ஒப்பாரி கேட்கும்: பெடியங்கள் பேச்சு மாறுறாங்கள், அதனால ஆட்சேர்ப்பே சீரழிஞ்சு போச்சு. நாலு வருசமா இதைக் கேட்டுக் காது புளிச்சுப்போய்த்தான் இதை எழுதுறன். பேச்சு மாறுறது உண்மை. அதனால சேதம் வாறதும் உண்மை. ஆனால் ஆர் முதல்ல மாறினது, சேதம் ஆற்ற தலையில விழுது எண்டு கேட்டால் இந்த ஒழுக்கப் பிரசங்கிகள் வாயைத் திறக்க மாட்டினம்.

முதலில் முறையைச் சொல்லவேணும். எங்கட ஊர்க் கலியாணத்தோட வைச்சுப் பார்த்தால் சுகமா விளங்கும். பேச்சுக்கால் வேற, எழுத்து வேற. ஒரு கோச் பதினைந்து பதினாறு வயசுப் பெடியனிடம், 'உனக்கு ஸ்கொலர்ஷிப் தாறன், வா' என்கிறார். அதுக்குப் பெயர் ஓஃபர். பெடியன் 'வாறன்' என்கிறான். அதுக்குப் பெயர் கொமிற்மென்ற். இரண்டுமே வாய்ப்பேச்சு. விதிப்படி, பாடசாலையின் கடைசி வருசத்து ஓகஸ்ட் 1 ஆம் திகதிக்கு முதல் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை ஓஃபரை எழுத்தில் கொடுக்கவே ஏலாது. கையெழுத்து அதுக்கும் பிறகு, டிசெம்பரிலோ பெப்ரவரியிலோ. கையெழுத்து விழும் வரைக்கும் ஒரு கோச் அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகக் கதைக்கவும் என்.சி.ஏ.ஏ. விதி விடாது. அதாவது இரண்டு மூன்று வருசத்துக்கு இழுபடக்கூடிய இந்தப் பேச்சுக்காலுக்கு எந்த விதிப்புத்தகத்திலும் ஒரு பெறுமதியும் இல்லை. எழுத்து மட்டும்தான் எழுத்து.

அந்த எழுத்தும் எப்பிடியான எழுத்து? 1964 இலிருந்து 'நஷனல் லெற்றர் ஒஃப் இன்ரென்ற்' என்று ஒரு கடிதம் இருந்தது. அதில் கையெழுத்து வைத்தால் மற்றப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பெடியனைத் தொடக்கூடாது. அவன் மனம் மாறி வேற இடத்துக்குப் போனால் ஒரு வருச விளையாட்டை இழக்கவேணும். நீ ஒப்பமிடுவது பல்கலைக்கழகத்தோடு, கோச்சோடு அல்ல என்றும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. கோச் அடுத்த நாள் வேற வேலைக்குப் போனாலும் பெடியன் அங்கேயே கிடக்கவேணும். இரண்டு வருசமாக அவன்ர வீட்டுக்கு வந்து, தாய் சமைச்சதைச் சாப்பிட்டு, 'உங்கட மகனை என்ர மகன் மாதிரிப் பார்ப்பன்' எண்டு சொன்ன ஆள் பறந்து போயிடுவார். மகன் நிப்பான்.

இது கற்பனை இல்லை. 2021 நவெம்பர் கடைசியில் பிரையன் கெல்லி நொட்டர் டாம் அணியை விட்டுவிட்டு எல்.எஸ்.யூ. என்று எல்லாரும் சொல்லுகிற லூசியானா ஸ்ரேற்றுக்குப் போனார். அந்தப் பருவத்தில் நொட்டர் டாம் 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. தேசிய சம்பியன் போட்டிக்குப் போகிற வாய்ப்பு இன்னும் இருந்த கிழமை அது. பத்து வருச ஒப்பந்தம், 95 மில்லியன் டொலர். கிட்டத்தட்ட அதே நேரம் லிங்கன் றைலி ஒக்லஹோமாவை விட்டு யூ.எஸ்.சி.க்குப் போனார். ஒக்லஹோமாவுக்கு வாறன் என்று சொல்லியிருந்த மலக்காய் நெல்சன் என்கிற பெடியன் அவருக்குப் பின்னால் யூ.எஸ்.சி.க்குப் போனான். பெடியன் செய்தது 'டிகொமிற்மென்ற்'. கோச் செய்ததுக்குப் பெயர் 'புதிய சவால்'. ஒரே செயல், இரண்டு பெயர்.

கெல்லிக்கு லூசியானாவில் நாலாவது பருவம் முடியேல்லை, 2025 ஒக்ரோபரில் வேலையை விட்டு நிப்பாட்டினார்கள். அப்பவும் ஒப்பந்தப்படி 50 மில்லியனுக்கு மேல் அவருக்கு நிலுவை. அந்தக் கதிரைக்கு வந்தவர் லேன் கிஃபின். எங்கேயிருந்து? மிசிசிப்பியின் ஓல் மிஸ் அணியிலிருந்து. அவர்களும் அப்ப 11 வெற்றி, ஒரு தோல்வியில் சம்பியன் போட்டிகளுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போன நாள் நவெம்பர் 30. பெடியங்கள் கையெழுத்து வைக்கிற நாள் டிசெம்பர் 3. மூண்டு நாள்! மாப்பிள்ளை வீட்டுக்காரர் எழுத்துக்கு மூண்டு நாளைக்கு முதல் வீடு மாறிப் போன மாதிரி.

கிஃபின் எண்டால் எனக்கு இன்னொரு கதையும் ஞாபகம் வரும். 2010 ஜனவரியில் அவர் ரெனசியில் ஒரே ஒரு பருவம் முடித்துவிட்டு யூ.எஸ்.சி.க்கு ஓடினார். அப்பவும் கையெழுத்து நாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. போன கையோடு பெப்ரவரியில் டெலவெயர் மாநிலத்து டேவிட் சில்ஸ் என்ற பெடியனுக்கு ஓஃபர் கொடுத்தார். பெடியனுக்கு வயசு 13. ஏழாம் வகுப்பு. அவனும் ஓம் எண்டு சொன்னான், நாடு முழுக்கச் செய்தி. 2013 செப்ரெம்பரில் கிஃபினையே யூ.எஸ்.சி. துரத்திவிட்டது. அடுத்த வருசம் சில்ஸ் 'டிகொமிற்' ஆனான் என்று எழுதினார்கள். பதிவேட்டில் பின்வாங்கினவன் ஆர்? ஏழாம் வகுப்பில் கேட்டவரில்லை. ஏழாம் வகுப்பில் ஓம் சொன்னவன்தான்.

இது கோச் ஓடுகிற கதை. ஓடாமல் நின்றபடியே பெடியனைக் கழட்டிவிடுகிற கதை இன்னும் மோசம், ஏனென்றால் அது வெளியில் தெரியவே தெரியாது. எரிக் ஸ்வென்சன் என்ற இலினோய் மாநிலத்துப் பெடியன் இரண்டு வருசத்துக்கு மேலாக மிச்சிகனுக்கு வாறன் என்று சொல்லி, வேறு எவரையும் பார்க்காமல் இருந்தவன். இந்தப் பிரசங்கிகள் கேட்கிற விசுவாசம் அச்சொட்டா அதுதான். இடையில் கோச் மாறி ஜிம் ஹார்போ வந்தார். 2016 ஜனவரியில், கையெழுத்து நாளுக்கு இரண்டு கிழமை இருக்கேக்க, உனக்கு இடமில்லை என்று சொல்லியாச்சு. பெடியன் ஒக்லஹோமாவுக்குப் போய்ப் பிழைச்சான். எல்லாருக்கும் ஒரு ஒக்லஹோமா கிடைக்காது.

மிசிசிப்பியில் ஹூஸ்ரன் நட் என்ற கோச் 2009 இல் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு வருசத்துக்குப் புதிதாகச் சேர்க்கக்கூடியது 25 பேர். மிச்சம் பன்னிரண்டு பேர் என்ன ஆவது? சிலர் பரீட்சையில் தட்டுப்படுவினம், சிலருக்கு 'அடுத்த ஜனவரி வா, அதுவரைக்கும் வீட்டில நில்' என்று சொல்லலாம். அதுக்குக் 'கிரே ஷேர்ட்' என்று வடிவான பெயர் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் சீற்றைவிட அதிகமாக ரிக்கற் விக்கிற வேலை. அதுக்குப் பிறகுதான் அந்த லீக் கையெழுத்துக்கு 28 என்று உச்ச வரம்பு போட்டது. 37 இலிருந்து 28! 25 கதிரைக்கு 28 பேர். திருத்தமாம்.

சரி. இப்ப மற்றப் பக்கத்தையும் பார்ப்பம், ஏனெண்டால் பெடியங்கள் எல்லாரும் பச்சைப் பாலகர் எண்டு நான் எழுத வரேல்லை.

ஒரு அணி ஒரு வருசத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குவாட்டர்பாக்கைத்தான் எடுக்கும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான், களத்தில் அந்த இடம் ஒருவனுக்கு மட்டும். ஜனவரியில் ஒரு பெரிய பெயர் வாறன் என்று சொன்னால் அந்த அணி பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாலைந்து குவாட்டர்பாக்குகளுக்கும் 'சொறி தம்பி' என்று செய்தி போகும். அவர்கள் வேற இடம் தேடுவார்கள். அந்த இடத்தில் ஏற்கனவே இருந்த இன்னொருவன் தள்ளப்படுவான். இப்பிடியே கீழே கீழே போய், ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒருவனுக்கு 'இந்த வருசம் நாங்கள் குவாட்டர்பாக் எடுக்கேல்லை' என்ற பதில் வரும். பிறகு நவெம்பரில் அந்தப் பெரிய பெயர் மனம் மாறினால், ஜனவரியில் தள்ளுப்பட்டவனுக்கு அந்தக் கதவு திரும்பத் திறக்காது. அவன் அந்த நேரம் வேற எங்கேயோ ஓம் சொல்லியிருப்பான். அல்லது அந்த அணி அவனையே இப்ப அங்கேயிருந்து பிடுங்கப் பார்க்கும், அங்க ஒரு ஓட்டை விழும்.

பிரைஸ் அண்டர்வுட் நல்ல உதாரணம். 2025 ஆம் ஆண்டு வகுப்பின் முதலாம் இடத்துக் குவாட்டர்பாக். 2024 ஜனவரியில் எல்.எஸ்.யூ.வுக்கு வாறன் என்றான். பத்து மாதத்துக்கு மேல் அப்படியே நின்றான். நவெம்பர் 21, கையெழுத்துக்கு இரண்டு கிழமைக்குள், மிச்சிகனுக்கு மாறினான். அவன்ர ஊர் பெல்வில், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். பெறுமதி பத்து மில்லியன் டொலருக்கு மேல் என்று செய்திகள் சொல்லின. அவன் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டன். பத்து மில்லியன் டொலரும் அம்மாவின்ர சாப்பாடும் ஒரே இடத்தில கிடைக்குமெண்டால் நானும் போவன், நீங்களும் போவியள். ஆனால் அந்தப் பத்து மாதம் எல்.எஸ்.யூ.வின் அந்தக் கதிரையில் அவன் துவாய் போட்டு வைத்திருந்தான் என்பதும் உண்மை. அந்தத் துவாயைப் பார்த்துத் திரும்பிப் போனவனின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. நாங்கள் கோபப்படவேணுமெண்டால் அவனுக்காகக் கோபப்படவேணும். எல்.எஸ்.யூ. என்கிற நிறுவனத்துக்காக இல்லை, அதுக்குச் செக் எழுத ஆள் இருக்கு.

பெடியன் ஓம் சொன்ன பிறகும் மற்றக் கோச்மார் அவனை விடுகிறதில்லை. கையெழுத்து விழும் வரைக்கும் தொலைபேசி அடிச்சுக்கொண்டேதான் இருக்கும். எல்லாக் கோச்சும் மற்றவன்ர பெடியனைக் களவெடுப்பான், தன்ர பெடியனைக் களவெடுத்தால் ஒழுக்கம் கதைப்பான். அதனால் ஒவ்வொரு அணியும் தன் ஆள் ஓடிவிடுவான் என்ற கணக்கிலேயே ஓஃபர்களை அள்ளி வீசுகிறது. இருபத்தைந்து இடத்துக்கு இருநூறு முன்னூறு ஓஃபர். அதில் பாதிக்கு மேல் ஓம் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாத ஓஃபர். பெடியன் ஆசையோட எடுத்து 'நான் வாறன் கோச்' எண்டால், 'கொஞ்சம் பொறு, ஒருக்கா வந்து பார்த்திட்டுச் சொல்லு' எண்டு பதில் வரும். அது பொய்யான ஓஃபர் என்று அப்பதான் அவனுக்கு விளங்கும். பொய்யான ஓஃபர் இருக்கிற இடத்தில் பொய்யான ஓம் இருக்கத்தான் செய்யும். பெடியங்கள் இதைப் பெரியவர்களிடமிருந்துதான் பழகினார்கள்.

இதைவிட ஒரு சிரிப்பு இருக்கு. 2016 மே மாதம் ரேற் மார்ரெல் என்ற குவாட்டர்பாக் ரெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு வரேல்லை என்று அறிவித்தான். (அவன் பத்தாம் வகுப்புக்கும் முதலே வாஷிங்ரனுக்கு ஓம் சொல்லி மாறினவன். அது வேற கதை.) அந்த அணியின் உதவிக் கோச் ஆரன் மூர்ஹெட்டுக்குக் கோபம் வந்து, இந்தக் காலத்துப் பெடியங்களுக்கு விசுவாசமே இல்லை என்கிற தொனியில் ருவிற்றரில் எழுதினார். அண்டிரவே அவர்களுக்கு வாறன் என்று சொல்லியிருந்த இன்னொரு ஆட்டக்காரன் விலகினான். வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த வேறொருவன் இனி யோசிக்கவே மாட்டன் என்றான். கோச் பிறகு மன்னிப்புக் கேட்டார். பிரசங்கத்துக்குக் கிடைத்த காணிக்கை: ஒரு பெடியன் போனதுக்கு மூண்டு பெடியன் போனது.

இதையெல்லாம் சரிப்படுத்தவெண்டு கொண்டுவந்த மருந்துகளையும் ஒருக்காப் பார்க்கவேணும். 2017 டிசெம்பரில் முன்கூட்டிய கையெழுத்துக் காலம் தொடங்கியது. பெப்ரவரி வரைக்கும் இழுபடாமல் டிசெம்பரிலேயே எழுத்தை வைத்தால் பெடியன் மாற மாட்டான் என்ற கணக்கு. நடந்தது என்ன? கையெழுத்து டிசெம்பருக்கு வந்ததால், புதுக்கோச் வந்து ஆள் பிடிக்க நேரம் வேணுமென்று பல்கலைக்கழகங்கள் கோச்மாரைத் துரத்துகிற வேலையைப் பருவத்தின் நடுவுக்கே கொண்டுவந்தன. செப்ரெம்பரில் துரத்து, ஒக்ரோபரில் துரத்து. ஒவ்வொரு துரத்தலுக்கும் பின்னால் ஒரு பத்துப் பதினைந்து பெடியன் விலகுவான். மருந்தே வருத்தத்தைக் கொண்டுவந்தது.

பென் ஸ்ரேற்றைப் பாருங்கோ. 2025 ஒக்ரோபர் 12 ஜேம்ஸ் ஃபிராங்ளினை வீட்டுக்கு அனுப்பினார்கள். நவெம்பரில் அவர் வேர்ஜினியா ரெக்குக்குப் போனார். பென் ஸ்ரேற்றுக்கு வாறன் என்றிருந்த பெடியங்கள் கூட்டமாக அவருக்குப் பின்னால் போனார்கள். டிசெம்பர் 3 கையெழுத்து நாள் வந்தபோது பென் ஸ்ரேற்றுக்கு ஒரு நிரந்தரத் தலைமைக் கோச் இல்லை. லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளுகிற மைதானம் வைத்திருக்கிற அந்த அணிக்கு அண்டைக்குக் கையெழுத்து வைத்தது இரண்டே இரண்டு பேர். இந்தப் பெடியங்களையும் வாக்குத் தவறினவர்கள் என்று எண்ணிக்கையில் சேர்த்துத்தான் 'இந்த வருசம் டிகொமிற்மென்ற் கூடிப்போச்சு' என்கிறார்கள். கோச்சைத் துரத்தினது பல்கலைக்கழகம். பெடியன் ஆருக்கு விசுவாசமாக இருக்கவேணும்? கட்டடத்துக்கா?

எழுத்து முடிந்தாலும் நிம்மதி இல்லை. 2024 ஜனவரி 10, அலபாமாவின் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அந்தக் கதிரைக்கு வாஷிங்ரனிலிருந்து கேலன் டிபோர் வந்தார். வாஷிங்ரனுக்கு அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ் போனார். அரிசோனாவுக்கு சான் ஹோசே ஸ்ரேற்றிலிருந்து பிரென்ற் பிரெனன். ஒரு கிழவர் வீட்டில் இருக்கப் போனதால் இரண்டு கிழமைக்குள் நாலு பல்கலைக்கழகம் ஆடிப்போச்சு. நாலு இடத்திலும் டிசெம்பரில் கையெழுத்து வைத்த பிள்ளைகள் இருந்தார்கள். ஜூலியன் சேயின் என்ற குவாட்டர்பாக் அலபாமாவில் பை இறக்கி வைத்து ஒரு மாதம் ஆகேல்லை, ஒஹாயோ ஸ்ரேற்றுக்குப் போனான். போகக்கூடியதாக இருந்தது, ஏனென்றால் 2021 இலிருந்து ஒரு வருசம் குந்தியிருக்காமல் அணி மாறலாம் என்று விதி வந்திருந்தது. அதுக்கு முதல் என்றால் அவனும் ஒரு வருசத்தைத் தின்னக் கொடுத்திருக்கவேணும்.

ஆனால் அந்த விதிக்கும் ஒரு விலை இருக்கு. இப்ப வருசத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்டக்காரர் 'ரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வழியாக மாறுகிறார்கள். டிசெம்பரில் ஒரு பெடியன் ஓடிவிட்டால் கோச் இன்னொரு பாடசாலைப் பெடியனைத் தேடுகிறதில்லை, ஜனவரியில் போர்ட்டலில் இருபத்தொரு வயசு ஆள் ஒருவனை எடுத்து அந்த இடத்தை நிரப்புகிறார். முந்தி ஒரு நட்சத்திரம் விலகினால் அடுத்த நிலையில் இருந்த பாடசாலைப் பெடியனுக்கு ஒரு கதவாவது திறந்தது. இப்ப அந்தக் கதவும் அவனுக்கு இல்லை. விலகலின் சேதம் எப்பவும் கீழ்நோக்கித்தான் வடியும், போர்ட்டல் வந்தபிறகு அது இன்னும் வேகமாக வடியுது.

காசைப் பற்றி. 2021 ஜூலை 1 இலிருந்து ஆட்டக்காரர் தங்கட பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே வருசத்துக்கு 20.5 மில்லியன் வரைக்கும் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். உடனே, 'பார், காசு வந்ததும் வாக்குக்கு மதிப்பில்லை' என்றார்கள். மதிப்பு முதலிலேயே இல்லை. காசு வந்தபிறகு அது வெளியில தெரிஞ்சது, அவ்வளவுதான். காசு வந்தபிறகும் ஏமாறுகிறவன் ஆர் என்று ஜேடன் ரஷாடாவைக் கேட்கவேணும். 2022 இல் மயாமிக்கு வாறன் என்றவன் ஃபுளோரிடாவுக்கு மாறினான், 13.85 மில்லியன் டொலர் ஒப்பந்தம் ஒன்றை நம்பி. அந்த ஒப்பந்தம் கையெழுத்து நாளுக்கு முதலே ரத்தாகிவிட்டது. ஆனாலும் காசு வரும் என்று தனக்கு உறுதி சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது பிறகு 2024 மே மாதம் அவன் தொடுத்த வழக்கின் சாரம். அவன் ஃபுளோரிடாவில் ஒரு நாள்கூட விளையாடேல்லை. அரிசோனா ஸ்ரேற்றுக்குப் போனான், அங்கேயிருந்து ஜோர்ஜியா, அதுக்குப் பிறகும் வேற இடம். அவனைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் முதலில் சொல்லுகிற சொல் 'ஃபிளிப் பண்ணினவன்'.

அந்த வருமானப் பகிர்வைக் கொண்டுவந்த ஹவுஸ் வழக்குத் தீர்வில் இன்னொரு விசயம் நடந்தது, அதை ஆரும் பெரிசாகக் கதைக்கேல்லை. ஃபுட்போல் அணிக்கு 105 பேர் என்று உச்ச வரம்பு வரப்போகுது என்று தெரிந்ததும், தீர்வு ஒப்புதல் ஆகுமுதலே, பல பல்கலைக்கழகங்கள் பல விளையாட்டுகளில் ஆள் வெட்டத் தொடங்கின. இடம் தாறன் என்று சொல்லி வைத்திருந்த பாடசாலைப் பிள்ளைகளும் அதில் அடக்கம். நீதிபதி குளோடியா வில்கன் இந்த வெட்டுப்பட்டவர்களுக்கு ஒரு வழி செய்யாமல் ஒப்பமிட மாட்டன் என்று நின்றார். பிறகுதான் வெட்டுப்பட்டவர்களையும் இடம் வாக்களிக்கப்பட்டவர்களையும் வரம்புக்கு வெளியே எண்ணலாம் என்று திருத்தம் வந்தது. வாய்ப்பேச்சு வாக்கு ஒன்றுக்கு ஒரு நீதிமன்றம் பெறுமதி கொடுத்தது அண்டைக்குத்தான். கொடுக்க வேண்டி வந்தது, வாக்கைத் தவறினது பல்கலைக்கழகங்கள் என்பதால்.

அப்ப என்ன செய்யலாம்? என்ர கருத்து நேரானது. ஓஃபர் என்றால் எழுத்தில் கொடு. பெடியன் அதில் எப்ப வேணுமெண்டாலும் ஒப்பமிடலாம், ஒப்பமிட்டால் பல்கலைக்கழகம் கட்டுப்படவேணும். உண்மையான இருபத்தைந்து இடத்துக்கு இருபத்தைந்து கடிதம்தான் எழுதலாம் என்று வந்தால் முன்னூறு பொய் ஓஃபரும் ஒரு இரவில் காணாமல் போகும். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குக் கேமராவுக்கு முன்னால் கொடுக்கிறதுக்கு ஒரு கோச்சுக்கும் மனம் வராது, ஏனென்றால் அது அவன்ர ஒரு இடத்தைத் தின்னும். ஒப்பமிட்ட பெடியனை மற்றவன் தொட்டால் தொட்டவனுக்குத் தண்டனை, பெடியனுக்கில்லை. தலைமைக் கோச் போனால் கடிதம் தானாகவே செல்லாது, பெடியன் விரும்பினால் நிக்கலாம்.

பதினாறு வயசில் கையெழுத்து வாங்குறது சரியோ என்று கேட்பியள். நியாயமான கேள்விதான். அதனால்தான் முதலில் கட்டுப்பட வேண்டியது பல்கலைக்கழகம் என்கிறன். பெடியனுக்குக் கடைசி வருசம் வரைக்கும் மனம் மாற உரிமை இருக்கட்டும். பதினாறு வயசுப் பிள்ளையும் ஐம்பது வயசுச் சட்டத்தரணிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற நிறுவனமும் சமமாகக் கட்டுப்படவேணும் என்கிறவருக்கு, ஜிம்போ ஃபிஷரை 2023 நவெம்பரில் அனுப்பும்போது ரெக்சாஸ் ஏ அண்ட் எம் அவருக்குக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தது 75 மில்லியனுக்கு மேல் என்பதை ஞாபகப்படுத்தலாம். வேலை செய்யாமல் வீட்டில் இருக்க. கோச்சின் வாக்கு முறிஞ்சால் அவனுக்கு இவ்வளவு. பெடியனின் வாக்கை முறிச்சால் அவனுக்கு ஒரு போன் கோல்.

கடைசியாக றோக்வான் ஸ்மித்தின் கதை. 2015 பெப்ரவரி, ஜோர்ஜியாவின் ஒரு சின்ன ஊர்ப் பெடியன், நேரடி ஒளிபரப்பில் யூ.சி.எல்.ஏ.யின் கையுறையைப் போட்டுக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் கடிதத்தை இன்னும் அனுப்பேல்லை. அந்த இடைவெளியில், தன்னைச் சேர்த்த யூ.சி.எல்.ஏ. கோச் ஜெஃப் அல்ப்ரிக் தொழில்முறை அணியான அற்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போகப்போகிறார் என்ற செய்தி அவன் காதுக்கு வந்தது. அனுப்பவிருந்த கடிதத்தை அவன் அனுப்பேல்லை. சில நாளில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் போனான், அதுவும் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காமல், உதவித்தொகை ஒப்பந்தத்தில் மட்டும் ஒப்பமிட்டு. அவனைப் போல் பெரிய பெயர் என்றபடியால்தான் ஜோர்ஜியா அதுக்கு ஓம் சொன்னது. மூன்று வருசத்தில் என்.எஃப்.எல். தெரிவில் எட்டாவது ஆளாக எடுபட்டான்.

2024 ஒக்ரோபரில் என்.சி.ஏ.ஏ. அந்தக் கடிதத்தையே இல்லாமல் செய்தது. இப்ப எல்லாப் பெடியனும் ஸ்மித் வைத்த மாதிரி உதவித்தொகை ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து வைக்கிறான். அறுபது வருசம் கழித்து. தொப்பிகள் மட்டும் இன்னும் அதே மேசையில் இருக்கு.